என் விறகைச் சிவப்பாக்கிய மீட்டர்

காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துச் சுவரில் கம்பனி அந்தப் பலகையை மாட்டிய அன்று, நான் தொழிற்சாலைக்குப் பின்புறம் விறகு இறக்கிக்கொண்டிருந்தேன். நமுனுகுல மலையில் உள்ள தேயிலைத் தோட்டம் அது. பலகையில் எழுத்து கொஞ்சம், கட்டம் நிறைய. ஒவ்வொரு கட்டத்திலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதோ ஒரு நிறம். கொழும்புத் தெருவில் லொறிக்காரனுக்குக் காட்டுகிற விளக்கை இங்கே கொழுந்து பறிக்கிறவளுக்கு எதற்குக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கே அந்தப் பலகை மேல் எனக்கு ஒரு கண்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் ஏன் அவ்வளவு பொங்கினேன் என்பது விளங்காது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில் பிறந்தவன். தலைச்சுமையாக விறகு கொண்டுபோய்ப் பதுளைச் சாப்பாட்டுக் கடைகளின் அடுப்படியில் போட்டுத்தான் ஆரம்பித்தேன். இன்றைக்கு என் லொறிகள் பதுளையிலிருந்து பெரகல வரைக்கும் ஓடுகின்றன. மரம் காயப்போட ஹாலி எலப் பக்கம் பெரிய வளவு வைத்திருக்கிறேன். யாருடைய சிபாரிசும் எனக்கு இருந்ததில்லை. பதுளை பஸ் நிலையத்தில் இறங்கி விறகு முதலாளி வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள், கேட்டு முடிக்கும் முன்பே கை காட்டுவார்கள்.

அந்தத் தோட்டத்துத் தொழிற்சாலைக்கு விறகு போடுகிறவன் நான் ஒருவன்தான். கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் சூடான காற்று வேண்டும். அதற்கான அடுப்பு ஓயாமல் விறகு தின்னும். என் தொழிலில் பாதி அந்த ஓர் அடுப்பு. மற்ற இடங்களில் கிடைத்ததை எல்லாம் அந்த வாசலைக் காட்டித்தான் பிடித்தேன். அங்கே போடுகிறவன் என்றால் மற்றத் தோட்டங்களை நடத்துகிற துரைமார் மறு கேள்வி கேட்பதில்லை.

தோட்டத்துத் துரை சிங்களப் பிள்ளை, வயது குறைவு, தமிழ் நன்றாகப் பேசுவார். பலகையைப் பற்றி நானே போய்க் கேட்டேன்.

"முதலாளி, முன்னே கொழும்பு ஒண்ணுதான் கேக்கும். லாபமா நட்டமா? இப்ப லாபமும் கேக்குது, தண்ணி எவ்வளவுன்னு கேக்குது, மரம் எவ்வளவுன்னு கேக்குது, ஆளுக நல்லா இருக்காங்களான்னு கேக்குது. எல்லாத்துக்கும் ஒரு நம்பர். நம்பருக்கு ஒரு கலர்."

"கலர் சிவப்பானா?"

"எனக்குத்தான் தலைவலி. வருசக் கடைசியில என்னோட போனஸும் அந்தக் கலர்லதான் இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதனுடைய போனஸ் ஒரு நிறத்தில் தொங்கினால், அவன் அந்த நிறத்தைத்தான் பார்ப்பான், என்னைப் பார்க்கமாட்டான்.

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் கவனித்தேன். ஒரு கிலோ தேயிலைக்கு என்ன செலவு, ஏலத்தில் என்ன விலை, ஓர் ஆள் எத்தனை கிலோ கொழுந்து என்பதெல்லாம் மேல் வரிசை. அது எனக்கும் விளங்குகிற கணக்கு. கீழ் வரிசையில் தண்ணீர், விறகு, காயம் பட்டவர்கள், தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளின் எடை, ஆட்களுக்குக் கொடுத்த பயிற்சி நேரம் என்று இருந்தது. தண்ணீர்க் கட்டம் சிவப்பான மாதம் தொழிற்சாலைத் தரையைக் கழுவுவதை நிறுத்திவிட்டு ஈரத் துணியால் துடைத்தார்கள். பயிற்சிக் கட்டம் மஞ்சளான மாதம் மலைக்குப் போக நின்ற பெண்களை உட்காரவைத்துக் கை கழுவுவது எப்படி என்று ஒருவர் பேசினார். பிறந்ததிலிருந்து கை கழுவுகிறவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். மறு மாதம் அந்தக் கட்டம் பச்சை.

"இவங்க தோட்டத்துக்கா வைத்தியம் பாக்குறாங்க, பலகைக்கா?" என்று வீட்டில் கேட்டேன்.

"ஒங்களுக்கு என்ன வந்துச்சு? வெறகப் போட்டமா, காச வாங்கினமான்னு இருங்க," என்றாள் என் மனைவி.

என் விறகுக்கும் ஒரு கட்டம் வந்தது. ஒரு கிலோ தேயிலைக்கு எவ்வளவு விறகு எரிகிறது என்பது முதல் கேள்வி. அந்த விறகு எவ்வளவு காய்ந்தது என்பது இரண்டாவது. ஈர விறகு புகைதான் தரும், சூடு தராது, கூடுதலாக எரியும், கூடுதலாக மரம் விழும் என்று கம்பனி சொன்னது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர்கள் ஈரம் அளக்க வருவதற்கு முன்பே என் வளவில் சவுக்கும் யூகலிப்டசும் பிளந்து, கூரை போட்டு, மாதக்கணக்கில் காய்கின்றன. இரண்டு கட்டையை எடுத்துத் தட்டினால் மணி மாதிரிச் சத்தம் வரும். அப்படி வராத கட்டையை நான் லொறியில் ஏற்றுவதில்லை.

ஈரம் பார்க்க ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் கைக்கு அடக்கமாக ஒரு மீட்டர் கொடுத்தார்கள். முனையில் இரண்டு ஊசி. கட்டையில் குத்தினால் எண் காட்டும். லொறி வந்ததும் அடுப்புக்காரர் குத்திப் பார்த்துச் சொல்லுவார், கணக்கு எழுதுகிற கந்தோர்ப் பையன் போனில் பதிவு செய்வான், அது நேரே கொழும்புக்குப் போய்விடும். கம்பனியின் பதுளைக் கந்தோரிலிருந்து ஒரு மிஸ் மாதம் ஒரு தடவை வந்து எல்லாக் கணக்கையும் சரி பார்ப்பார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கையில் எப்போதும் ஒரு குடை, முகத்தில் எப்போதும் ஒரு கேள்வி.

முதல் மாதங்களில் என் கட்டம் பச்சை. பச்சை என்றால் பக்கத்து மலை மாதிரிப் பச்சை. நான் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன்.

ஆயுத பூசை கழிந்து மழை பிடித்தது. அந்த மாதம் என் கட்டம் சிவப்பு.

துரை என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "முதலாளி, ஈர வெறகு போடுறீங்க. ஒரு லோடு இல்ல, எல்லா லோடும்."

"தொரை, என் வெறகா ஈரம்? ஒங்க அடுப்புக்காரரக் கேளுங்க, நெருப்பு எப்படி இருக்குன்னு."

"அவரு என்ன சொன்னாலும் கொழும்புக்குத் தெரியாது. கொழும்புக்கு நம்பர்தான் தெரியும். மூணு மாசக் கணக்கு முடியப் போகுது. முடியும்போதும் சிவப்பா இருந்தா வேற ஆளுதான் பாக்கணும். வெலிமடைப் பக்கம் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

வெலிமடை என்று சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது. அங்கே ஒருவன் புதிதாக லொறி வாங்கி வேலை தேடிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். மழை வந்தது, சிவப்பு வந்தது, வெலிமடை வந்தது. எவனோ விளையாடுகிறான்.

முதலில் துரை மேல் சந்தேகம். பிறகு அடுப்புக்காரர் மேல். என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்த மனிதர்தான். ஆனாலும் மீட்டர் அவர் கையில்தானே இருக்கிறது? அப்புறம் அந்த மிஸ். படித்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே கழுத்தில் கயிறு போடுவார்கள் என்பது என் அனுபவம். வீட்டில் வந்து சொன்னேன்.

"நேத்து வரைக்கும் அடுப்புக்காரரு ஒங்க தம்பி மாதிரி. இன்னைக்குத் திருடனா?" என்றாள் மனைவி.

"திருடன்னு சொல்லல. பாக்கணும்னு சொல்றேன்."

"பாருங்க, பாருங்க. என்னையும் ஒரு தடவ குத்திப் பாருங்க, ஈரமா காஞ்சதான்னு."

அடுத்த லோடுக்குச் சாரதியை அனுப்பாமல் நானே போனேன். அடுப்புக்காரருக்குப் பின்னால் சத்தம் இல்லாமல் நின்றேன். அவர் நேர்மையாகத்தான் குத்தினார். பிளந்த பக்கத்தில், நடுவில், எப்படிக் குத்தச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே. எண் சிவப்பு எல்லைக்கு மேலே போய் நின்றது. அதே கட்டையை நான் எடுத்துத் தட்டினேன். கணீர் என்றது.

"ஒங்க காது பொய்யா, இது பொய்யாண்ணே?" என்று அவரே கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நடிப்பாக இருந்தால் நல்ல நடிப்பு.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கொழும்பில் இருக்கிற மகனிடம் சொல்லி அதே ஜாதி மீட்டர் ஒன்று வாங்கினேன். அதை இயக்கும் முறையை ஆங்கிலத்தில் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதைத் தூரப் போட்டுவிட்டு என் வளவில் இருந்த நல்ல கட்டை, மழையில் நனைந்த கட்டை, கதவு, நிலை எல்லாவற்றிலும் குத்திப் பழகினேன். ஒரு பகல் போதும், எனக்குப் பிடிபட்டுவிட்டது. எஞ்சினையே பிரித்துப் பூட்டினவனுக்கு இது என்ன?

மிஸ் வருகிற நாளைத் தெரிந்துகொண்டு லோடை அன்றைக்கே கொண்டுபோனேன். துரையும் இருந்தார். மழைத்தூறல். விறகுக் கொட்டகைக்குள் எல்லோரையும் நிறுத்தி என் மீட்டரை எடுத்தேன். அடுப்புக்காரர் கம்பனி மீட்டரால் குத்தினார், சிவப்பு. அதே கட்டையில் அதே இடத்துக்குப் பக்கத்தில் நான் குத்தினேன். பச்சை.

துரை கையைக் கட்டிக்கொண்டார். "முதலாளி வாங்கின மீட்டர் முதலாளிக்குத்தானே பேசும்."

"அப்ப கம்பனி வாங்கினது கம்பனிக்குப் பேசுதா தொரை?"

கொட்டகையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. "ரெண்டையும் இஞ்ச தாங்கோ," என்று வாங்கினார். விறகைக் குத்தவில்லை. சுற்றிப் பார்த்தார். நிறுவை அறை வாசலில் பழைய மர நாற்காலி ஒன்று கிடந்தது. துரை கொஞ்சம் முன்புதான் அதிலிருந்து எழுந்திருந்தார். அதன் காலில் என் மீட்டரைக் குத்தினார். மிகக் குறைவு. கம்பனி மீட்டரைக் குத்தினார். சிவப்பு.

"இந்தக் கதிரை எத்தினை வருசமா இஞ்ச கிடக்குது?" என்று கேட்டார்.

"நான் வேலைக்குச் சேந்தப்பவே இருந்துச்சுங்க மிஸ்," என்றார் அடுப்புக்காரர். அப்புறம் அடக்க முடியாமல், "தொரை உக்காந்த நாக்காலி ஈரமா இருக்குன்னு சொல்லுதுங்களே, அது யாரு தப்புங்க?"

இந்தத் தடவை துரையே சிரித்துவிட்டார். மிஸ் கம்பனி மீட்டரை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். இரண்டு ஊசிக்கும் நடுவில் விரலால் தடவினார். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஈரமாக ஒட்டியது. அதில் கொஞ்சம் சிவப்பும் இருந்தது.

"இது என்ன, இதுக்குள்ள அப்பிக் கிடக்குது?"

அடுப்புக்காரர் எட்டிப் பார்த்தார். "அதுங்களா? திருநூறுங்க மிஸ். பூசைக்கு வச்சது."

"மீட்டருக்கோ?"

"எல்லா மிசினுக்கும் வச்சமுங்க. ரோலருக்கு, தராசுக்கு, அடுப்புக்கு. இது புதுசா வந்த மிசினு. இத மட்டும் ஒதுக்கி வச்சா நல்லாவா இருக்கும்? தண்ணியில கொழச்சுப் பட்டை போட்டு, நடுவுல குங்குமமும் வச்சேன்."

"பிறகு துடைக்கேல்லையோ?"

"சாமிக்கு வச்சத யாருங்க தொடப்பா? அது தானா போகணும்."

அது தானாகப் போகவில்லை. மலையில் மூடுபனியும் மழையும். திருநீறு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு ஊசிக்கும் பாலம் போட்டுவிட்டது. எதில் குத்தினாலும் அது தன் ஈரத்தையே சொன்னது. பூசையன்று நானும் அங்கே இருந்தேன், பூசணிக்காய் உடைத்தபோது முன்னால் நின்றேன், சுண்டல் சாப்பிட்டேன். எனக்கே இது தோன்றவில்லை, மற்றவர்களை என்ன சொல்வது?

துரை என் தோளில் கை போட்டுக் கொட்டகைக்கு வெளியே கூட்டிப் போனார். இதுவரை அப்படிச் செய்ததில்லை. அப்போதே உஷாரானேன்.

"முதலாளி, விசயம் தெரிஞ்சு போச்சு. மீட்டரக் கழுவிடுவோம். அடுத்த மாசம் நீங்க பச்சை. இந்த மூணு மாசக் கணக்க நான் எப்படியாவது மஞ்சளா ஆக்குறேன். நீங்களே தொடர்ந்து போடுங்க. கொழும்புக்கு இதச் சொல்ல வேணாம்."

"ஏன் சொல்ல வேணாம்?"

"பலகையில கடைசிக் கட்டம் பாத்திருக்கீங்களா? கொடுத்த கணக்கு சரியான கணக்கான்னு ஒரு கட்டம். நான் பிழையான நம்பர் அனுப்பினேன்னு தெரிஞ்சா அது சிவப்பு. அது சிவப்பானா மத்தப் பச்சை எல்லாம் கேள்வி."

இப்போது எனக்கு முழுக்க விளங்கியது. வெலிமடைக்காரனோடு அவருக்கு ஒரு பேச்சும் இல்லை. அவருக்கு நான் எதிரியும் இல்லை, வேண்டியவனும் இல்லை. அவர் கட்டத்தைக் காப்பாற்ற என் விறகு கொஞ்சம் ஈரமாக இருந்துவிட்டால் நல்லது, அவ்வளவுதான்.

வேறொருவனாக இருந்தால் சரி என்றிருப்பான். வேலை போகாது, துரையின் தயவும் கிடைக்கும். ஆனால் மஞ்சள் என்று எழுதினால் அது கொழும்பில் அப்படியே கிடக்கும். இந்தத் துரை மாறிப் போவார், புதிய துரை வருவார், பழைய நிறத்தைப் பார்ப்பார். ஈர விறகு போட்டவன் என்று நினைப்பார். திருநீற்றுக் கதை அந்த நிறத்தில் இருக்காது.

"தொரை, எனக்கு மஞ்சள் வேணாம். பச்சைக்குப் பச்சை போடுங்க. இல்லன்னா நான் இப்பவே லோட திருப்பிக்கிட்டுப் போறேன்."

"திருப்பிக்கிட்டுப் போனா அடுப்பு அணைஞ்சுரும் முதலாளி."

"அணையட்டும். அதுக்கும் ஒரு கட்டம் இருக்கும்ல?"

அவர் கண் கொட்டகைப் பக்கம் போனது. திரும்பிப் பார்த்தேன். மிஸ் கொட்டகை மூலையில் போனில் இருந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். சரி, இவரும் மூடி மறைக்கத்தான் பார்க்கிறார், மாதா மாதம் கணக்கைச் சரி பார்த்தவர் இவர்தானே என்று நினைத்து அருகில் போனேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"உங்கட மீட்டர எடுத்துப் பாருங்கோ. ஊசியில பொட்டு இருக்குதோ? ... இருக்குதோ! ... துடைக்க வேண்டாம், முதல்ல படம் எடுத்து அனுப்புங்கோ."

பெரகலப் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் பேசினார். வைத்துவிட்டு இன்னொன்றுக்கு. அங்கேயும் பொட்டு. இன்னொன்றில் சந்தனமே அப்பியிருந்ததாம். ஊவா மாகாணத்தில் இந்தக் கம்பனிக்கு எத்தனை தொழிற்சாலையோ, எல்லாவற்றிலும் நம் ஆட்கள்தான் வேலை செய்கிறார்கள். எல்லோரும் பூசை போட்டிருக்கிறார்கள்.

கடைசியாகக் கொழும்புக்குப் பேசினார். நான் நகரவில்லை. துரையும் வந்து நின்றார். பாதி ஆங்கிலம், பாதி சிங்களம். அந்தப் பக்கத்துக்காரர் முதலில் சத்தம் போட்டார், பிறகு ஒவ்வொரு தொழிற்சாலையாகப் பேர் கேட்டார். வைத்த பிறகு மிஸ் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொல்றாங்க மிஸ்?" என்று கேட்டேன்.

"ஊவா முழுக்க விறகு சிவப்பாய் வந்ததைப் பாத்துப்போட்டு, மழையால உங்கட பக்கம் நல்ல விறகு கிடைக்காதெண்டு முடிவெடுத்திட்டினம் ஐயா. பழைய ஆக்கள் எல்லாரையும் நிப்பாட்டி, வெளியில இருந்து எடுக்கிறதெண்டு கடிதமும் தயார். நாளைக்குக் கையெழுத்து."

 ஒருவன் எனக்குக் குழி பறிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு மூன்று பேரைச் சந்தேகப்பட்டேன். இங்கே ஒருவனும் பறிக்கவில்லை. யாரையும் கெடுக்க நினைக்காத மனிதர்கள் யாரையும் பார்க்காமல் ஒரு மாகாணத்து விறகுக்காரர்கள் எல்லோருக்கும் குழி பறித்து வைத்திருக்கிறார்கள். முன்பு பழைய துரைமார் பிழை செய்தால் ஒரு தோட்டத்தில் செய்வார்கள், நேரே போய்ச் சண்டை பிடிக்கலாம். இந்த நிறங்களோடு எங்கே போய்ச் சண்டை பிடிப்பது?

"இப்ப என்ன செய்யப் போறாங்க?"

"நிப்பாட்டி வச்சிருக்கினம். அந்த மாதக் கணக்கை முழுசா எடுத்துப்போட்டு, எல்லா மீட்டரையும் திருப்பிச் சரி பாக்கச் சொல்லியிருக்கினம். உங்கட சிவப்பு போயிட்டுது ஐயா."

துரை தன் நெற்றியைத் தடவினார். "என்னோட சிவப்பு வந்துட்டுது."

"உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்தான். எனக்கும்," என்றார் மிஸ்.

நான் அவரிடம் கேட்டுவிட்டேன். "மிஸ், கோவிச்சுக்காதீங்க. வெறகுக் கட்டத்துல திருநூறு இருந்துச்சு. மத்தக் கட்டத்துல எல்லாம் என்ன இருக்கோ? புள்ளைகளோட எட பச்சையா இருக்கே, அந்தத் தராசுக்கும் பொட்டு வச்சிருப்பாங்கல்ல?"

அவருக்குக் கோபம் வந்தது. "ஐயா, இந்தக் கணக்கு வரமுன்னம் இந்த அடுப்பு எவ்வளவு மரத்தைத் திண்டதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ? இப்ப குறைஞ்சிருக்குது. அது உண்மை. பிழை வந்தால் திருத்தலாம். கணக்கே இல்லையெண்டால் எதைத் திருத்திறது?"

பதில் சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் அடுப்பு விறகு குறைவாகத் தின்பது உண்மைதான். என் லோடு குறைந்ததை வைத்து எனக்கே தெரியும்.  அப்படியே மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று தராசைப் பார்த்தேன். பொட்டு இல்லை. துடைத்துவிட்டார்களோ என்னவோ.

மூன்று மாதக் கணக்கு முடிந்தது. என் கட்டம் பச்சை. விறகு போடும் வேலை எனக்கே என்று கம்பனி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது. அதை வீட்டுக்கு வந்திருந்த மகன் வாசித்துக் காட்ட, இன்னொருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள்.

அடுத்த முறை மிஸ் வந்தபோது நானும் லோடோடு போயிருந்தேன். அவர் புதிதாகத் துடைத்த மீட்டரை எடுத்தார். நான் என்னுடையதை எடுத்தேன். ஒரே கட்டையில் இரண்டு பேரும் குத்தினோம். அவர் தன் எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார். நானும் மறைத்துக்கொண்டேன்.

"நீங்க முதல்ல சொல்லுங்கோ ஐயா."

"நீங்க சொல்லுங்க மிஸ்."

"ரெண்டு பேருமா ஒண்டாச் சொல்லுவம்," என்றார்.

அடுப்புக்காரர் நடுவில் நின்று மூன்று வரை எண்ணினார். இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று கிட்டத்தில்தான் இருந்தன. அவருடையது ஒன்று கூடுதல். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று நாங்கள் இருவரும் மற்றவர் மீட்டரை வாங்கி ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்க, அடுப்புக்காரர் லொறியிலிருந்து விறகை இறக்க ஆரம்பித்தார்.